பாடாத பெட்டி



உங்கள் வீட்டுப் பரணின்மீது, உடைந்த தொட்டிலுக்கும் புழக்கத்திலிருந்து ஒதுக்கிய பித்தளை அண்டாவுக்கும் இடையில், மூடி போட்ட பெட்டி ஒன்று தூசி படிந்து கிடக்கிறதா என்று இன்று மாலை ஏறிப் பாருங்கள். கிடந்தால், அதைப் பழைய இரும்புக்காரருக்கு எடைக்குப் போடுவதற்கு முன்னால், நான் சொல்லப் போகும் சில செய்திகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பெட்டியைத்தான் ஒரு தலைமுறை கிராமபோன் என்றது. அடுத்த தலைமுறை ரெக்கார்டு பிளேயர் என்றது. நான் இசைத்தட்டுப் பெட்டி என்றே சொல்லுகிறேன்.

மறைந்துபோன பொருளைப் பற்றி இன்று ஏன் பேச வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றலாம். அது மறையவில்லை. புதிய பெட்டிகளும் புதிய தட்டுகளும் மீண்டும் கடைகளில் விற்பனைக்கு வந்திருக்கின்றன. உங்களில் சிலர் வாங்கியும் இருக்கலாம். வாங்கிய சில நாள்களிலேயே தட்டு தாவுகிறது, பெட்டி இரைகிறது, பாட்டு இழுபடுகிறது என்ற முறையீடுகள் தொடங்கிவிடுகின்றன. முறையீடு எழுந்தவுடன் நம்மவர் செய்யும் வைத்தியம் இருக்கிறதே, அது பல சமயங்களில் நோயைவிடக் கொடியது. பெட்டி கெட்டால் வேறு பெட்டி வாங்கிக்கொள்ளலாம். தட்டு கெட்டால், அதிலிருந்த குரலை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. இந்த வேறுபாட்டை நான் விலை கொடுத்துக் கற்றவன்.

1966ஆம் ஆண்டு. நான் நெடுங்காட்டில் பள்ளி மாணவன். எங்கள் வீட்டில் மின்சாரத்தால் ஓடும் சிறிய இசைத்தட்டுப் பெட்டி ஒன்று இருந்தது. அம்மாவிடம் கே. பி. சுந்தராம்பாள் பாடிய பழைய அரக்குத் தட்டு ஒன்று இருந்தது. வெள்ளிக்கிழமை மாலைகளில் விளக்கேற்றிய பிறகு அதைப் போட்டுக் கேட்பது அம்மாவின் வழக்கம். ஒரு நாள் முள் தட்டின்மீது நிற்காமல் வழுக்கிக்கொண்டு ஓடியது. வீட்டில் நான்தானே விஞ்ஞான மாணவன்! பாரம் போதவில்லை என்று முடிவு கட்டினேன். முள்ளைத் தாங்கும் கையின் தலைமீது ஓர் ஐம்பது காசு நாணயத்தை வைத்தேன். முள் அடங்கியது, பாட்டு ஓடியது. என் அறிவை நானே மெச்சிக்கொண்டேன். இரண்டு மாதங்களுக்குள் அந்தக் கணீரென்ற குரல் கம்மி, பிறகு கரகரத்து, பின்னர் அரிசி புடைக்கும் ஓசைக்கு நடுவே யாரோ எங்கோ பாடுவதுபோல் ஆகிவிட்டது.

எங்கள் ஊர்த் திருமணங்களுக்கும் திருவிழாக்களுக்கும் ஒலிபெருக்கி அமைக்கும் ஒருவர் இருந்தார். சிறுவர்கள் அவரைச் ‘செட்டுக்கார அண்ணன்’ என்று அழைப்போம். அவரை அழைத்துவந்து காட்டினேன். அவர் பெட்டியைத் திறக்கவில்லை. முள்ளின் அருகில் குனிந்து பார்த்தார். அங்கிருந்த சிறு நெம்பு ஒன்றை விரல் நுனியால் மறுபக்கம் திருப்பினார். “தம்பி, இது எல்.பி. பக்கம் இருந்திருக்கு. எழுபத்தெட்டுத் தட்டுக்கு இந்த முள் இல்லே, அந்த முள். காசு வச்சு நோயை மறைச்சிட்டே” என்றார். அவ்வளவுதான். ஒரு விரல் அசைவில் தீர்ந்திருக்க வேண்டிய குற்றம் அது. தட்டு திரும்பவில்லை. அம்மா ஒன்றும் கடிந்துகொள்ளவில்லை. தட்டை உறைக்குள் இட்டுப் பெட்டியில் வைத்துவிட்டு, “போகட்டும்ப்பா, பாட்டு எனக்கு மனசுல இருக்கு” என்றார். அந்தச் சொல் இன்றும் என் காதில் இருக்கிறது.

நோயை மறைப்பது வேறு, நோயைத் தீர்ப்பது வேறு. என் பேச்சு முழுவதற்கும் இந்த ஒரு வாக்கியமே அடிப்படை.

பெட்டியின் குற்றத்தைக் கண்டுபிடிக்க வேண்டுமானால், பெட்டி எப்படிப் பாடுகிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். எடிசன் 1877ஆம் ஆண்டில் ஒலியை உருளையின்மேல் பதித்தார். பெர்லினர் 1887ஆம் ஆண்டில் அதைத் தட்டையான வட்டின்மேல் எழுதும் முறைக்கு உரிமை கோரினார். வட்டின் மேற்பரப்பில் சுருள் சுருளாக ஒரே ஒரு பள்ளக்கோடு செல்லுகிறது. வெளி விளிம்பில் தொடங்கி மையத்தை நோக்கி வரும் அந்தக் கோடு நேர்கோடு அன்று. ஒலியின் அதிர்வுக்கு ஏற்ப இடமும் வலமும் நெளிந்து நெளிந்து செல்லும். முள் அந்தப் பள்ளத்தில் நடக்கும்போது அதே நெளிவுகளைத் தானும் அடைகிறது. பழைய சாவிப் பெட்டியில் அந்த அசைவு ஒரு மெல்லிய தகட்டை அதிரச் செய்து, குழல்வழியே காற்றில் ஒலியாக வெளிப்படும். மின்சாரப் பெட்டியில் அந்த அசைவு நுண்ணிய மின்னோட்டமாக மாறி, பெருக்கியில் பெருகி, ஒலிபெருக்கியை அடையும்.

முள் எவ்வளவு தூரம் நடக்கிறது என்று ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு 33⅓ சுற்று வேகத்தில் 20 நிமிடம் பாடும் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ 667 சுற்றுகள் உள்ளன. சுற்றுகளின் சராசரி ஆரம் 10 சென்டிமீட்டர் என்று கொண்டால், முள் நடக்கும் வழி 400 மீட்டருக்கு மேல் வருகிறது. மயிரிழை அகலமுள்ள பள்ளத்தில், இரு கரையையும் உரசிக்கொண்டு, நானூறு மீட்டர் நடை! வழியில் ஒரு துகள் தூசி கிடந்தாலும் அந்தப் பயணிக்கு அது பாறாங்கல். நாம் ஏற்றிவைக்கும் பாரமோ, தட்டின்மீது சாணை பிடிக்கும் உளி.

ஆகவே, சக்கரம், தட்டு, முள், கை, கம்பி, பெருக்கி, ஒலிபெருக்கி என்று ஒலி நடக்கும் வழியை மனத்தில் வரிசையாக நிறுத்திக்கொள்ளுங்கள். குற்றம் இவற்றில் ஏதோ ஓரிடத்தில்தான் இருக்க முடியும். முதலில் தட்டை மாற்றிப் போட்டுப் பாருங்கள். குற்றம் போய்விட்டால் அது தட்டின் குற்றம். போகாவிட்டால் பெட்டியின் குற்றம். இப்படி ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே வந்தால், எஞ்சி நிற்பதே குற்றவாளி. பௌதிக ஆய்வுக்கூடத்தில் நீங்கள் கற்கும் முறையும் இதுதானே?

முதலாவது, வேகக் குற்றம். தட்டுகள் பெரும்பாலும் மூன்று வேகங்களில் வந்தன. அரக்குத் தட்டுகள் நிமிடத்துக்கு 78 சுற்று. 1948ஆம் ஆண்டில் வெளிவந்த நெடுநேரத் தட்டுகள், அதாவது எல்.பி. தட்டுகள், 33⅓ சுற்று. அடுத்த ஆண்டில் வெளிவந்த சிறு தட்டுகள் 45 சுற்று. வேகம் மாறினால் காலம் மட்டும் மாறுவதில்லை, சுருதியும் மாறுகிறது. வேகம் நூற்றுக்கு ஆறு பங்கு கூடினால் ஒரு கட்டைச் சுருதி ஒன்றரைக் கட்டையாகிவிடும். 33⅓ சுற்றுத் தட்டை 45இல் ஓட்டினால், பாடகரின் ஷட்ஜம் மத்தியமத்தையும் சற்றே தாண்டி நிற்கும்; பெரிய வித்துவான் ஒருவர் குழந்தைக் குரலில் கொஞ்சுவார்.

வேகத்தைச் சோதிக்க விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டா. தட்டின் ஓரத்தில் ஒரு சிறு காகிதத் துண்டை வைத்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு எண்ணுங்கள். 33⅓ சுற்றுத் தட்டு சரியான வேகத்தில் ஓடினால் மூன்று நிமிடத்தில் நூறு சுற்றுகள் வரவேண்டும். குறைந்தால், சக்கரத்தை இழுக்கும் ரப்பர் பட்டை தளர்ந்திருக்கிறது, அல்லது இயந்திரத்தில் எண்ணெய் வற்றிக் கெட்டித்திருக்கிறது என்று கொள்ளலாம். பல ஆண்டு கிடந்த பட்டை சில சமயம் தார்போல் இளகிக் கப்பியில் ஒட்டிக்கொள்ளும். அதைச் சாராயத்தில் நனைத்த துணியால் சுத்தமாகத் துடைத்தெடுத்து, பட்டை செல்லும் வழியை நூலால் அளந்து, அதைவிடச் சற்றே குறைந்த சுற்றளவுள்ள பட்டையை மாட்டுங்கள். பட்டைக்குப் பதில் ரப்பர் சக்கரம் உள்ள பெட்டியானால், அந்தச் சக்கரத்தின் விளிம்பு கெட்டிப்பட்டு வழுவழுப்பாகியிருக்கும். நயமான உப்புத்தாளால் இலேசாகத் தேய்த்தால் பிடிப்பு வரும். தையல் இயந்திர எண்ணெய் ஒரு துளியை இயந்திரத்தின் அச்சில் விடலாம். ரப்பரில் ஒரு துளியும் படக்கூடாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. வெளிநாடு சென்று திரும்பியவர் பலர் உள்ள பகுதி நம்முடையது. அவர்கள் கொண்டுவந்த பெட்டிகளும் உண்டு. அமெரிக்க நாட்டுப் பெட்டி ஏறத்தாழ 120 வோல்ட்டுக்கும் 60 அலைவு மின்சாரத்துக்கும் செய்யப்பட்டது. நம் மின்சாரம் 230 வோல்ட்டு, 50 அலைவு. நேரே மாட்டினால் கருகும். மின்னழுத்தத்தைக் குறைக்கும் பெட்டியை இடையில் வைத்தாலோ கருகாது. ஆனால் மின்சாரத்தின் அலைவுக்கு ஏற்பச் சுழலும் பழைய இயந்திரமானால், ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் ஓடும். ஐந்து கட்டையில் பாடியவர் மூன்று கட்டையில் பாடுவார். பெட்டியில் பழுது ஏதும் இல்லை. வந்து சேர்ந்த நாடுதான் வேறு. அத்தகைய பெட்டியில் சுழல்கப்பியை மாற்றினாலன்றி வேகம் திரும்பாது.

சாவி கொடுக்கும் பழைய பெட்டியானால், அதன் உயிர் எஃகு வில்லில் இருக்கிறது. பாட்டு நடுவே ‘தொம்’ என்ற அதிர்வோடு வேகம் தடுமாறினால், வில்லுக்கு இட்ட கொழுப்பு கெட்டித்துவிட்டது என்பது பொருள். சாவி சிறிதும் எதிர்ப்பின்றிச் சுழன்றால் வில் அறுந்துவிட்டது. அந்த வில் அடங்கிய பேழையை நீங்கள் திறக்கவே கூடாது. சுருண்டிருக்கும் எஃகு திடீரென்று விரிந்தால் விரலை அறுத்துவிடும். அந்த வேலையைத் தெரிந்தவரிடம் விடுங்கள். நீங்கள் செய்யக்கூடியது, கேட்டு முடிந்ததும் மிச்ச முறுக்கையும் ஓடவிட்டு, வில்லைத் தளர்த்தி வைப்பது.

இரண்டாவது, தாவும் குற்றம். ‘கீறல் விழுந்த ரெக்கார்டு’ என்று சொன்னதையே சொல்லுபவரை நாம் கேலி செய்கிறோம். அந்தக் கேலி இந்தக் குற்றத்திலிருந்து பிறந்தது. ஆனால் தாவும் தட்டெல்லாம் கீறல் விழுந்த தட்டு அன்று. முதலில் பெட்டி சமமாக நிற்கிறதா என்று பாருங்கள். கொத்தனாரிடம் ரசமட்டம் இருக்கும். ஐந்து நிமிடத்துக்குக் கேட்டு வாங்கிச் சக்கரத்தின்மீது வைத்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். அடுத்து முள்ளின் நுனியைப் பாருங்கள். பஞ்சுபோல் தூசி திரண்டிருந்தால், முள் பள்ளத்தில் இறங்காமல் அந்தப் பஞ்சின்மேல் மிதக்கும். மெல்லிய தூரிகையால் பின்னிருந்து முன்னாக ஒருமுறை துடைத்தால் போதும், விரலால் தொடாதீர்கள்.

அதன்பின் பாரம். காந்தவகை முள் பொருத்திய இன்றைய பெட்டிகளுக்குப் பெரும்பாலும் ஒன்றரை முதல் இரண்டு கிராம் பாரம் போதும். இரண்டு கிராம் என்றால் ஏறத்தாழ நூறு நெல்மணிகளின் எடை. அதற்குரிய அளவு கையின் பின்புறத்திலுள்ள எதிர்எடையில் குறிக்கப்பட்டிருக்கும், திருகிச் சரிசெய்யலாம். பாரம் மிகக் குறைந்தாலும் தீங்குதான். முள் பள்ளத்தின் கரைகளில் மோதி மோதிச் சிதைக்கும். ஆகையால் செய்தவர் குறித்த அளவே சரியான அளவு. நாணயம் ஓர் அளவுகோல் அன்று. நான் வைத்த காசு ஏறத்தாழ 5 கிராம். அது என்ன செய்தது என்று பிற்காலத்தில்தான் எனக்கு விளங்கியது. 78 சுற்றுத் தட்டின் பள்ளம் அகன்றது. அதற்குரிய முள்நுனியின் ஆரம் ஏறத்தாழ 0.076 மில்லிமீட்டர். எல்.பி. தட்டுக்குரிய முள்நுனி அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இராது. அகன்ற பள்ளத்தில் இறங்கிய மெல்லிய முள், கரைகளில் ஊன்றி நிற்க இயலாமல் அடிமட்டத்தில் வழுக்கியது. நான் பாரம் ஏற்றினேன். அரக்குத் தட்டில் கலந்துள்ள கல்பொடி முள்ளின் நுனியை உளியாகத் தீட்டியது; உளியான முள் தட்டைச் செதுக்கியது. இருவரும் சேர்ந்து ஒரு குரலை அழித்தோம்.

மூன்றாவது, ஓசையின்மை. சக்கரம் சுழலுகிறது, பாட்டு வரவில்லை. பெருக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு, மெல்லிய தூரிகையால் முள்நுனியை மிக இலேசாக வருடுங்கள். ஒலிபெருக்கியில் ‘சர்’ரென்ற ஓசை கேட்டால், முள்ளிலிருந்து ஒலிபெருக்கி வரை வழி நன்றாக இருக்கிறது. கேட்காவிட்டால், இடையில் எங்கோ கம்பி விட்டிருக்கிறது. கடற்கரைப் பகுதியில் வாழும் நமக்கு இது மிகப் பழகிய நோய். உப்புக் காற்று செம்பிலும் பித்தளையிலும் களிம்பை ஏற்றுகிறது. கம்பி முனைகள் தொட்டுக்கொண்டிருப்பதுபோல் தோன்றும், ஆனால் மின்னோட்டம் செல்லாது. முனைகளைக் கழற்றித் துடைத்து மீண்டும் செருகினால் பெட்டி பாடத் தொடங்கும்.

இரு ஒலிபெருக்கிகளில் ஒன்று மட்டும் பேசவில்லையானால், முள்ளிலிருந்து பெருக்கிக்கு வரும் இடக்கம்பியையும் வலக்கம்பியையும் மாற்றிச் செருகிப் பாருங்கள். ஊமைப்பக்கம் இடம் மாறினால் குற்றம் முள்ளிலோ கையிலோ உள்ளது. மாறாவிட்டால் பெருக்கியிலோ ஒலிபெருக்கியிலோ உள்ளது. ஒரு நிமிடத்தில் பாதி வழி தெளிந்துவிடுகிறது!

பாட்டு வருகிறது, ஆனால் கொசு முணுமுணுப்பதுபோல் மெலிந்து வருகிறது என்பாரும் உளர். காந்தவகை முள் தரும் மின்னழுத்தம் வோல்ட்டில் ஆயிரத்தில் ஐந்து பங்கு அளவே. அதை முதலில் தூக்கிக் கொடுக்கத் தனியான முன்பெருக்கி ஒன்று வேண்டும். பதிவின்போது தாழ்ந்த ஒலிகளைக் குறைத்தும் உயர்ந்த ஒலிகளை மிகுத்தும் எழுதியிருப்பார்கள்; அதைத் திருப்பிச் சமன்படுத்தும் வேலையும் அந்த முன்பெருக்கியினுடையதே. அது இல்லாமல் நேரே இணைத்தால் மிருதங்கத்தின் தொப்பி ஒலியே கேட்காது. பழைய பெட்டிகளில் இருந்த படிகவகை முள் மிகுதியான அழுத்தம் தருவது. அதற்கு இது வேண்டா.

நான்காவது, இரைச்சல். இடைவிடாமல் ‘ம்ம்’ என்று வண்டு ரீங்காரமிட்டால், அது மின்சாரக் கம்பியின் 50 அலைவு உள்ளே கசிவதன் அடையாளம். கையின் உலோகப் பகுதியை விரலால் தொட்டவுடன் ரீங்காரம் குறைந்தாலோ கூடினாலோ, நிலக்கம்பி விட்டிருக்கிறது என்று அறியலாம். புதிய பெட்டிகளில் பின்புறம் தனியே ஒரு மெல்லிய கம்பி தொங்கும். அதைப் பெருக்கியின் நிலத்திருகில் இணைத்துவிடுங்கள். தொடும்போது சுரீரென்று மின்சாரம் தாக்கினால் சோதனையை அங்கேயே நிறுத்தி, இணைப்பைப் பிடுங்கிவிட்டு, மின்பணியாளரை அழையுங்கள். எந்தப் பெட்டியையும் மின்னிணைப்பு இருக்கும்போது திறவாதீர்கள். வால்வு வைத்த பழைய பெட்டிகள் இணைப்பை நீக்கிய பிறகும் சிறிது நேரம் மின்னேற்றத்தைத் தமக்குள் வைத்திருக்கும். அவற்றை நீங்கள் திறக்கவே வேண்டா.

ரீங்காரம் அன்றி, பொரி பொரிவதுபோன்ற ஓசை கேட்டால், அது தட்டின் அழுக்கு. இங்கேதான் பெருந்தவறுகள் நிகழ்கின்றன. எல்லாத் தட்டும் ஒரே பொருளால் ஆனவை அல்ல. 78 சுற்றுத் தட்டு அரக்கினால் ஆனது. நம் நாட்டுக் காடுகளில் மரக்கிளைகளில் வாழும் சிறு பூச்சி சுரக்கும் அரக்கே உலகத்தின் இசைத்தட்டுகளுக்கெல்லாம் மூலப்பொருளாயிற்று. அதோடு கல்பொடியும் கரியும் கலந்து அச்சிட்டார்கள். அரக்கு சாராயத்தில் கரையும். ஆதலால் சாராயம் கலந்த எந்தத் திரவத்தையும் அரக்குத் தட்டில் படவிடாதீர்கள். துடைத்த இடம் மழுங்கிப்போய்விடும். மென்மையான சவர்க்காரம் ஒரு சொட்டுக் கலந்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால், கோட்டின் போக்கிலேயே வட்டமாகத் துடைத்து, உடனே உலர்த்துங்கள். நடுவிலுள்ள காகித முத்திரை நனையக் கூடாது. எல்.பி. தட்டு வினைல் என்னும் பிளாஸ்டிக்கால் ஆனது. அதைக் காய்ச்சி வடித்த நீரால் துடைக்கலாம். தேங்காய் எண்ணெய் தடவினால் தட்டு பளபளக்கும் என்பது உண்மையே. அந்தப் பளபளப்பில் தூசியெல்லாம் ஒட்டிக்கொண்டு பள்ளம் நிரம்பிவிடும் என்பதும் உண்மை.

பாட்டின் உச்ச இடங்களில் மட்டும் குரல் பிளந்து கேட்டால், முள் தேய்ந்துவிட்டது. எஃகு முள்ளுக்கு ஒரு பக்கம்தான் ஆயுள். ஒரு பக்கம் பாடியதும் எறிந்துவிட வேண்டும். நீலக்கல் முள் சில பத்து மணி நேரம் உழைக்கும். வைர முள் பல நூறு மணி நேரம் உழைக்கும். எஃகு முள் வைத்த சாவிப் பெட்டியில் வினைல் தட்டை ஒருமுறைகூடப் போடாதீர்கள். அந்தப் பெட்டியின் தலைப்பாரம் நூறு கிராமுக்கு மேல்.

இனி, பெட்டியிலும் குற்றமில்லை, தட்டிலும் குற்றமில்லை, இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாததே குற்றம் என்ற நிலையும் உண்டு. காரைக்கால் 1954 நவம்பர் 1ஆம் நாள் வரை பிரெஞ்சு நிர்வாகத்தில் இருந்த ஊர். இங்கிருந்து சைகோன் முதலிய இடங்களுக்கு வேலையாகச் சென்றவர்கள் உண்டு. இப்பகுதியின் பழைய வீடு ஒன்றில் பிரெஞ்சு நாட்டுப் பாத்தே நிறுவனத்தின் பழைய தட்டு உங்களுக்கு அகப்படுமானால், அவசரப்பட்டுச் சாவிப் பெட்டியில் ஏற்றாதீர்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்க காலத்தில் அந்நிறுவனம் வெளியிட்ட தட்டுகளில் பள்ளம் இடம் வலமாக நெளிவதில்லை. மேடும் பள்ளமுமாக ஏறி இறங்குகிறது. அவற்றுள் மிகப் பழையவை மையத்தில் தொடங்கி விளிம்பை நோக்கிப் பாடுபவை. அவற்றுக்கு உருண்டை நுனியுடைய நீலக்கல் முள் வேண்டும். எஃகு முள்ளை வைத்தால் பாட்டு வராது; தட்டு மட்டும் உழப்படும். பெட்டி பாடவில்லை என்று மேலும் அழுத்துவோமானால், நூறாண்டு கடந்து வந்த குரலை நாமே ஐந்து நிமிடத்தில் அழித்தவர்களாவோம்.

அண்மையில் என் தெருவைச் சேர்ந்த கல்லூரி மாணவி ஒருத்தி ஒரு பெட்டியைச் சுமந்துகொண்டு என்னிடம் வந்தாள். “தாத்தா, கடையில காட்டினேன். எல்லாம் போச்சு, தூக்கிப் போட்டுடுன்னு சொல்லிட்டாங்க” என்றாள். அவளுடைய பாட்டியின் பெட்டி. சில தட்டுகளும் இருந்தன. நான் பெட்டியை அவளிடமே திருப்பிக் கொடுத்து, சற்று முன்பு உங்களுக்குச் சொன்ன வரிசையைச் சொன்னேன். அவளே தேடினாள். பட்டை இளகிக் கப்பியில் ஒட்டியிருந்தது, துடைத்தாள். கம்பி முனையில் களிம்பு; சுரண்டினாள். புதிய பட்டை அஞ்சலில் வந்து சேரும்வரை பொறுத்திருந்தாள். அந்தப் பொறுமைதான் எனக்குப் பிடித்திருந்தது. கடைசியில் தட்டை வைக்கப் போனவள், கையை நிறுத்தி, குனிந்து, முள்ளின் நெம்பு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்தாள். எல்.பி. பக்கமே இருந்தது. திருப்பினாள்.

அவள் வைத்தது திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் நாகசுரத் தட்டு. அவர் காரைக்காலுக்கு அருகிலுள்ள திருமருகலில் 1898இல் பிறந்தவர், 1956இல் மறைந்தவர். மூன்று நிமிடத்துக்குச் சற்றே மிகுந்த நேரந்தான் அந்தப் பக்கம். இரைச்சல் இருந்தது. அந்த இரைச்சலுக்கு மேலே நாகசுரம் முழங்கியது. உள்ளே படுத்திருந்த பாட்டி எழுந்து வந்து நிலைப்படியில் அமர்ந்துகொண்டார் என்று அந்தப் பெண் பிறகு சொன்னாள். என் அம்மாவுக்கு நான் செய்யத் தவறியதை, ஒரு பெண் தன் பாட்டிக்குச் செய்துவிட்டாள்.

மாணவர்களே, தட்டுகளைக் காப்பது எளிது. அடுக்கிப் படுக்க வைக்காமல், புத்தகம்போல் நிமிர்த்தி நிறுத்துங்கள். வெயில் படும் சன்னலருகிலும் அடுப்படிச் சுவரோரத்திலும் வைக்காதீர்கள். பாரதத்தில் வரும் அரக்கு மாளிகையை நினைத்துக்கொள்ளுங்கள், அரக்குக்கு வெப்பம் பகை. ஐப்பசி கார்த்திகை மழையில் காகித உறைகளில் பூசணம் பூக்கும். அந்த உறைகளை மாற்றுங்கள். தட்டை விளிம்பிலும் நடு முத்திரையிலும் மட்டுமே பிடியுங்கள். கேட்ட தட்டை உடனே உறைக்குள் இடுங்கள்.

அரிய தட்டு கிடைத்தால் அடிக்கடி போட்டுக் கேட்டுத் தேய்க்காமல், தெரிந்தவரைக் கொண்டு ஒருமுறை நன்றாக ஓட்டி, கணினியில் பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள். மும்பையில் 1990இல் தோன்றிய இந்திய இசைத்தட்டுச் சேகரிப்போர் சங்கம் இப்பணியில் பல்லாண்டு உழைத்திருக்கிறது. ஓடியன் முத்திரை கொண்ட பழைய இந்தியத் தட்டுகள், அழியும் நிலையிலுள்ள ஆவணங்களைக் காக்கும் பிரித்தானிய நூலகத் திட்டத்தின்கீழ் இலக்கப் பதிவாகிக் காக்கப்பட்டுள்ளன. அவர்கள் தேடியெடுத்த தட்டுகள் எங்கே இருந்தன? சேகரிப்பவர் வீடுகளிலும், பழைய பொருள் விற்கும் கடைகளிலும், உங்கள் வீட்டுப் பரணைப் போன்ற பரண்களிலுந்தான்.

செட்டுக்கார அண்ணன் இன்று இல்லை. அன்று அவர் எங்கள் வீட்டைவிட்டுப் புறப்படும்போது என் தோளைத் தட்டிச் சொன்ன வார்த்தையோடு என் பேச்சை முடிக்கிறேன். “தம்பி, முதல்ல முள்ளைப் பாரு. அப்புறம் தட்டைப் பாரு. அதுக்கப்புறம் பெட்டியைப் பாரு. காசைச் சட்டைப் பையிலேயே வச்சுக்க.”